அத்தர் மணக்கும் கிளச்சு

1940 அக்டோபர் 22. மதுரை – திண்டுக்கல் சாலையில், பரவை கண்மாய்க் கரைப் புளியமரத்தடியில் ஆளில்லாமல் நின்ற மோட்டார் சைக்கிள் ஒன்றைப் போலீசார் கைப்பற்றி, சொந்தக்காரனின் தகப்பனாரிடம் ஒப்படைத்தார்கள்.

சொந்தக்காரன் பெயர் ரோஷன். அவன் மனைவி சாயிரா பானு அடுத்த பங்குனியில், கைக்குழந்தையோடு, துப்பறியும் விருமாண்டியின் மாடி அறைக்கு ஏறி வந்தாள்.

மேல வெளி வீதியில் ஒரு காபி கிளப்புக்கு மேலே அந்த அறை. வருகிறவர்களை உட்கார வைத்துப் பேச்சுக் கொடுப்பது சுடலையின் வேலை. சுடலை ஒரு காலத்தில் நாடகக் கம்பெனியில் பபூன். டாக்கி சினிமா வந்து கம்பெனி படுத்த பிறகு, வேஷம் போடத் தெரிந்தவன் என்று விருமாண்டி அவனைச் சேர்த்துக்கொண்டார். வாயை மூடத் தெரியாதவன் என்பது சேர்த்த பிறகுதான் தெரிந்தது.

"உக்காருங்க தங்கச்சி. நாற்காலிக்கு ஒரு கால் ஊனம். மத்தபடி தங்கமான நாற்காலி" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. குழந்தை மட்டும் அவனைக் கண்கொட்டாமல் பார்த்தது. சுடலை அதற்காக மூக்கை ஒரு பக்கம் கோணிக் காட்டினான்.

"போலீசுல என்ன சொன்னாக?" என்று கேட்டார் விருமாண்டி. முதல் யுத்தத்தில் மெசபடோமியாவில் மோட்டார் சைக்கிளில் பட்டாளத்துத் தபால் சுமந்தவர் அவர். வண்டிச் சத்தத்திலேயே பேசிப் பழகியதாலோ என்னவோ, அமைதியான அறையில் அவர் குரல் எப்போதும் தேவைக்கு மேல் தாழ்ந்திருக்கும்.

"வண்டிய பஸ் நிக்கிற எடத்துல விட்டுட்டு பஸ் ஏறிட்டாகளாம். பட்டாளத்துல சேர்ந்திருப்பாக, இல்லாட்டிக் கொழும்புக்குப் போயிருப்பாகன்னு எழுதிக்கிட்டாக. மாமாவும் அதையேதான் சொல்றாக. கடுதாசி வரும், பொறுத்திரு தாயின்னு."

"நீங்க நம்பல."

"நம்பத்தான் செய்றேண்ணே. அதான் தூக்கம் வரல."

அவள் முக்காட்டு நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"அந்த வண்டி நின்ன எடமெல்லாம் எண்ணெய் சொட்டும். கழுவிக் கழுவி என் கை தேஞ்சுபோச்சு. அன்னிக்கு முத்தத்துல காயப்போட்ட என் தொழுகைப் பாயில ஒழுகிருச்சு. வயித்துல புள்ள வேற, வெடுக்குன்னு வந்துருச்சு. நீங்களும் உங்க வண்டியும் எங்கிட்டாவது தொலைஞ்சு போங்கன்னு சொல்லிட்டேன். ஒரு பேச்சு திருப்பிப் பேசல. வண்டிய எடுத்துக்கிட்டுப் போனாக." அவள் குழந்தையைத் தோளுக்கு மாற்றினாள். "இத நான் யார்கிட்டயும் சொல்லல. மாமாகிட்டகூட. எங்க இருக்காகன்னு நீங்க கண்டுபிடிக்க வேணாம். என் பேச்சால என்னைய விட்டுட்டுப் போனாகளா, இல்லையா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

சுடலையின் நாக்கு நுனியில் ஒரு வேடிக்கை நின்றது. அவன் அதை எச்சிலோடு விழுங்கினான்.

"வண்டி இப்ப எங்க?"

"வீட்டுலதான். மாமா வித்துருவோம்னாக. நான் விடல. அவுக வந்து வண்டி எங்கன்னு கேட்டா என்ன சொல்றது? கிளச்சு கெட்டுக் கெடந்துச்சு. சரி பண்ணி வைங்கன்னு மாமாவ நச்சரிச்சேன். பாவம், அவுக கைப்படவே பிரிச்சு மாட்டிக் குடுத்தாக."

"உங்க மாமா மெக்கானிக்கா?"

"தெற்கு மாசி வீதியில உமர் பாரூக் அத்தர் கடைன்னா தெரியாத ஆளு இல்ல. மகன் வண்டியப் பிரிக்கிறப்பயெல்லாம் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பாக. அதுல வந்த பழக்கம்."

"அத்தர்க்காரர் கையில கிளச்சு" என்றான் சுடலை. "எங்க கம்பெனியில வாள் சண்டைக்கு சமையக்காரன விட்ட மாதிரி."

இந்த முறை அவள் உதடு லேசாக விரிந்து, உடனே மூடிக்கொண்டது.

*

மறுநாள் காலை காஜிமார் தெருவில் ஒரு ஜமீன் காரியஸ்தன் வந்து இறங்கினான். சரிகைத் தலைப்பாகை, காதில் கடுக்கன், கையில் வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு. எல்லாம் கம்பெனி ஏலத்தில் எடுத்தவை. பின்னால் காக்கி நிஜாரோடு ஒரு மெக்கானிக். தெருக்காரர்களுக்குச் சொன்ன சேதி, ஜமீனுக்கு வண்டி பார்க்க வந்திருக்கிறார்கள் என்பது.

ரோஷன் வீட்டு முற்றத்தில் வண்டி நின்றது. பதினைந்து வருஷத்துக்கு முன் சீமையிலிருந்து கப்பலில் வந்த ஒற்றைச் சிலிண்டர் வண்டி. பெட்ரோல் டாங்கின் பச்சை வண்ணம் முழங்கால் உரசும் இடத்தில் தேய்ந்து தகரம் தெரிந்தது. எஞ்சினுக்கு அடியில் ஒரு தகரத் தட்டு. அதில் கறுப்பாக எண்ணெய்.

விருமாண்டி குந்தி உட்கார்ந்து விரலால் தொட்டுப் பார்த்தார்.

"போலீசுலேருந்து வந்தப்ப எண்ணெய் இருந்துச்சா?"

"ஒரு பொட்டு இல்ல. மாமாதான் புதுசா ஊத்துனாக. இப்ப தட்டுல சொட்டுறத நான் தெனமும் எடுத்துத் திரும்பி ஊத்திருவேன்" என்றாள் சாயிரா பானு, திரைக்குப் பின்னாலிருந்து.

"எதுக்குத் தங்கச்சி? ஓட்டாத வண்டிக்கு?"

"சொட்டுனாத்தான் அவுக வீட்டுல இருக்குற மாதிரி இருக்கு."

சுடலை பிரம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான். எந்த எண்ணெய்க்காகச் சண்டை போட்டாளோ அதே எண்ணெய்.

விருமாண்டி முன்விளக்கிடம் போய் நின்றார். கண்ணாடிக்கு உட்புறம், பாதிக்கு மேலே, காய்ந்த வண்டல் ஒரு கோடு போட்டிருந்தது. கண்ணாடிக்கு வெளிப்புறம் பளபளவென்று துடைத்திருந்தது.

"விளக்கு குளிச்சிருக்கு போலண்ணே" என்றான் சுடலை மெதுவாக.

"முங்கிக் குளிச்சிருக்கு" என்றார் விருமாண்டி அதைவிட மெதுவாக. பிறகு குரலை உயர்த்தினார். "உங்க மாமா கிளச்சு மட்டுமா பாத்தாக? வேற எதையாச்சும் கழட்டுனாகளா?"

"மேக்னெட்டோன்னு ஒண்ணக் கழட்டி மொட்டை மாடி வெயில்ல வச்சாக. வடகம் மாதிரி காய வச்சாக."

விருமாண்டி வண்டியை வாசலுக்குத் தள்ளினார்.

*

இப்போது வருகிற வண்டிகளில் எண்ணெய் எஞ்சினைச் சுற்றிவிட்டுத் தொட்டிக்கே திரும்பி வரும். அந்தக் காலத்து வண்டியில் திரும்பும் வழி கிடையாது. ஓட்டுகிறவன் போகப் போகக் கைப்பம்பால் எண்ணெய் அடிக்க வேண்டும். பாதி எஞ்சினுக்குள் எரிந்து புகையாகும், பாதி மூட்டுகள் வழியே கசிந்து ரோட்டில் விழும். வண்டி நின்றாலும் கசிவு நிற்காது. "இது ரிப்பேர் இல்ல மாப்ள, சுபாவம்" என்றார் விருமாண்டி, தெற்கு வாசலைத் தாண்டும்போது.

பின்னால் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சுடலை, "என் மாமியார் மாதிரின்னு சொல்லுங்க" என்றான்.

சமதரையில் வண்டி ஒழுங்காகத்தான் போயிற்று. வைகைப் பாலத்து ஏற்றம் வந்ததும் எஞ்சின் அலறியது, சக்கரம் நகரவில்லை. விருமாண்டி கைப்பிடியைத் திருக, சத்தம்தான் கூடியது. மாட்டு வண்டி ஒன்று அவர்களை முந்திக்கொண்டு போனது. வண்டிக்காரன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"தொண்டை இருக்கு, கால் இல்ல. எங்க கம்பெனி ராஜபார்ட்டு இப்புடித்தான்" என்ற சுடலை, பேச்சை நிறுத்தி மூக்கை உறிஞ்சினான். "அண்ணே, இங்க எங்கயாச்சும் நிக்காஹ் நடக்குதா?"

"ஏன்?"

"கம்முனு அத்தர் மணக்குது."

விருமாண்டி எஞ்சினை அணைத்தார். ஆற்று மணலில் வண்ணார்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தர் பூசிய ஆள் சுற்றுவட்டாரத்தில் எவரும் இல்லை. அவர் குனிந்து, சூடாகிக் கிடந்த கிளச்சு மூடியின் மேல் முகத்தைக் கொண்டுபோனார். இரண்டு முறை மூச்சை இழுத்து முகர்ந்தார்.

"இறங்கித் தள்ளு" என்றார்.

"ஜமீன் காரியஸ்தன் வண்டி தள்ளுறதா?"

"ஜமீன் நொடிச்சுப்போச்சு. தள்ளு."

*

பாலத்துக்கு அப்பால் வண்டி ஓடியும் நொண்டியும் பரவைக்கு வந்து சேர்ந்தது. கண்மாய்க் கரைப் புளியமரத்தடியில் ராக்கம்மாள் கூழ் விற்றுக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நிற்பவர்கள்தான் அவளுடைய வியாபாரம். விருமாண்டி போலீஸ் குறிப்பில் கண்டபடியே வண்டியை மரத்தில் சாய்த்தார். இருவரும் ஆளுக்கொரு கலயம் கூழ் வாங்கிக் குடித்தார்கள். அவர் எதையும் கேட்கவில்லை. சுடலைக்கு அதுவே ஆச்சரியம்.

கலயம் பாதிகூடக் காலியாகவில்லை. ராக்கம்மாள் சத்தம் போட்டாள்.

"ஏய்யா, அந்தச் சனியன அங்கிட்டு நகட்டுங்கய்யா! கூழ்ப்பானைய வைக்கிற எடத்துல எண்ணெயா ஒழுகவிடுது பாரு!"

மண்ணில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு படர்ந்திருந்தது.

"மன்னிச்சுக்க ஆத்தா" என்று எழுந்தார் விருமாண்டி. "ஐப்பசியில ஒரு வண்டி இதே எடத்துல நின்னு போலீசு வந்துச்சாமே?"

"இதே வண்டிதான். பச்சைப் பெட்டி, தெரியாதா? ஒரு ராப்பகல் நின்னுச்சு. ஆனா அன்னிக்கு இம்புட்டு அழும்பு பண்ணலியே! பக்கத்துலயே பானைய வச்சிருந்தேன், ஒரு சொட்டு விழல."

"மழையில கரைஞ்சிருக்கும்."

"எண்ணெய் மழையில கரையுமாய்யா? எந்த ஊரு நீங்க?"

சுடலை கலயத்தால் முகத்தை மறைத்துச் சிரித்தான். விருமாண்டிக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், ஆனால் வரவில்லை. வண்டியை நிழலின் மறு ஓரத்துக்குத் தள்ளிப் போய் நிறுத்தினார்.

"நின்ன எடமெல்லாம் ஒழுகுற வண்டி. இங்க ஒரு ராப்பகல் நின்னு ஒழுகல. என்ன அர்த்தம்?"

"உள்ள எண்ணெய் இல்ல."

"எண்ணெய் இல்லாம பத்து மைல் ஓட்டிப் பாரு, எஞ்சின் இறுகிக் கல்லாகிரும். அப்ப?"

"அப்ப ஓட்டிக்கிட்டு வரல. யாரோ கொண்டாந்து வச்சிருக்காக." சுடலை கலயத்தைக் கீழே வைத்தான். "ரோஷன் பஸ் ஏறலண்ணே."

"தலைகீழாக் கவுந்து கெடந்தா தொட்டி எண்ணெய் பூரா வெளிய வந்துரும். தண்ணிக்குள்ள கவுந்து கெடந்தா விளக்குல வண்டல் ஏறும், பொறி குடுக்குற மேக்னெட்டோ நனையும். அது தெரிஞ்சுதானே உமர் பாரூக் பாய் மாடியில காய வச்சாரு?"

"அப்ப பெத்த அப்பனே..."

"பொறு. கிளச்சு இன்னும் வாயத் தொறக்கல."

அவர் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். மூடியைக் கழற்றி, சுருள்வில்களைத் தளர்த்தி, தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் துண்டின்மேல் வைத்தார். இரும்புத் தட்டில் வட்ட வட்டமாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு கார்க் துண்டு இறுக்கிச் செருகப்பட்டிருந்தது.

"கார்க்குதான் பிடிப்பு. இந்த வண்டி கிளச்சுக்கு எண்ணெய் ஆகாது. பட்டா வழுக்கும், எஞ்சின் கத்தும், சக்கரம் நிக்கும். ஆனா இங்க பாரு, எஞ்சின் எண்ணெய் இங்க வரவே இல்ல. தட்டு காஞ்சிருக்கு. கார்க் மட்டும் பிசுபிசுங்குது."

பேனாக்கத்தியால் ஒரு கார்க்கைப் பெயர்த்துக் குறுக்கே வெட்டினார். புளியமரத்தடி முழுக்க மணம் எழுந்தது. கூழுக்கு நின்ற ஒருவன் திரும்பிப் பார்த்தான்.

"அத்தர் குப்பி மூடி!" என்றான் சுடலை. "அத்தர்ல ஊறுன கார்க்கக் கொண்டுபோயிக் கிளச்சுல அடிச்சிருக்காரு மனுஷன். உலகத்துல எந்த மெக்கானிக்கும் இந்தத் தப்பச் செய்ய மாட்டான்."

"மெக்கானிக் செய்ய மாட்டான். அத்தர்க்காரரும் செய்ய மாட்டாரு. அதான் எனக்கு இடிக்குது." விருமாண்டி இன்னொன்றை வெட்டினார், பிறகு இன்னொன்றை. "இந்த யுத்தம் ஆரம்பிச்சதுலேருந்து கார்க் கப்பல்ல வரல. அத்தர்க்காரருக்கு கார்க் உசுரு. மூடி இல்லாத குப்பியில அத்தர் நிக்காது, காத்தாப் போயிரும். அவரு இத்தனை மூடியக் கழட்டித் தந்திருக்காருன்னா?"

"குப்பியெல்லாம் காலி."

"மோந்து பாரு. ரோஜா இருக்கா? மரிக்கொழுந்து இருக்கா?"

சுடலை வரிசையாக முகர்ந்தான். "எல்லாம் ஒரே வாசனைண்ணே."

"ஊத். அகில் கட்டையில வடிக்கிறது, இருக்கிறதுலேயே ஒசந்தது. கல்யாண வீட்டுக்காரனே ஒரு சின்னக் குப்பிக்கு மேல வாங்க யோசிப்பான். இம்புட்டுக் குப்பி ஊத் அத்தர் ஒண்ணா எங்க போச்சு?"

சுடலை வாயைத் திறந்தான். பாக்தாத் நவாபு என்று ஏதோ வேடிக்கை கிளம்பிற்று. விருமாண்டியின் முகத்தைப் பார்த்ததும் அது அப்படியே நின்றுபோனது. அவர் வெட்டிய கார்க்கை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு கண்மாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெசபடோமியாவுல எங்க பட்டாளத்துல பஞ்சாபி முஸ்லிம் சிப்பாய்கள் இருந்தாக" என்றார். பிறகு தட்டுகளைத் துண்டில் முடிந்தார். "வா மாப்ள. கடைக்குப் போவோம்."

*

வண்டியை ஒரு மாட்டு வண்டியில் ஏற்றிவந்து தெற்கு மாசி வீதி முனையில் இறக்கி நிறுத்தினார்கள். உமர் பாரூக்கின் கடை ஒரு ஆள் அகலம். சுவர் முழுக்கக் கண்ணாடிக் குப்பிகள். பெரியவர் வெள்ளைத் தொப்பியும் நரைத்த தாடியுமாக, சின்னக் குப்பி ஒன்றில் பன்னீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கடை மூலையில் சுருட்டிக் கட்டிய கோரைப் பாய் ஒன்று நின்றது. அத்தர் கடையில் அதற்கு வேலை இல்லை.

காரியஸ்தன் வேஷம் இன்னும் கலையாத சுடலை முன்னே போனான்.

"பாய், ஜமீனுக்கு ஊத் அத்தர் வேணும்."

"இல்ல தம்பி. தீர்ந்துபோச்சு."

"மேல் தட்டுல வரிசையா நிக்குதே?"

"அது வெறுங்குப்பி."

"யாரு பாய் அம்புட்டையும் வாங்குனது? ஜமீனவிடப் பெரிய கையா இருக்கும் போல!"

பெரியவர் பன்னீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். விருமாண்டி முன்னால் வந்து, வெட்டிய கார்க்கைப் பலகையின்மேல் வைத்தார்.

பன்னீர் குப்பியின் வாய் நிறைந்து வழிந்தது. உமர் பாரூக் அதைக் கவனிக்கவில்லை.

"அது விக்கல தம்பி" என்றார் கடைசியில். "என் மகனுக்கு ஊத்துனேன்."

வீதியில் ஒரு ஜட்கா வண்டி மணி அடித்துக்கொண்டு போயிற்று. சுடலை தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"உடம்பச் சுத்துற கஃபன் துணிக்கு ஒரு சொட்டு போதும். எனக்குக் கை நிக்கல. ஒரு குப்பி, இன்னொரு குப்பின்னு... அவன் எண்ணெய் வாடையோட போகக் கூடாதுன்னு ஊத்திக்கிட்டே இருந்தேன். பள்ளிவாசல் மோதினார்தான் கையப் பிடிச்சு நிறுத்துனாரு."

விருமாண்டி தாம் யார், யார் சொல்லி வந்தவர்கள் என்று சொன்னார். பெரியவர் மருமகள் பெயரைக் கேட்டதும் கண்ணை மூடித் திறந்தார்.

"சமயநல்லூருக்கு அந்தப் பக்கம், சோழவந்தான் பாதையில, வாய்க்கால் பாலம். திருப்பத்துல பிரேக் பிடிக்கல. பின் சக்கரம் பூரா எண்ணெய். ஐப்பசித் தண்ணி வாய்க்கால் நெறய ஓடுது. வண்டி மேல, அவன் கீழ. எங்களத் தெரிஞ்ச மாட்டு வண்டிக்காரர் பாத்துட்டு வந்து கூப்பிட்டாரு. போலீசுக்குச் சொன்னா அறுத்துப் பாப்பாகன்னு பயம். பக்கத்துலயே ஒரு சின்னப் பள்ளிவாசல். அன்னிக்கே அடக்கிட்டோம். வண்டியத் தூக்கித் தொடச்சு மாட்டு வண்டியில போட்டு, பஸ் நிக்கிற எடத்துல சாய்ச்சு வச்சோம்."

"மருமககிட்ட ஏன் சொல்லல?"

"அவளப் பெத்த அத்தா மௌத்தாகிட்டாருன்னு சாவுச் சேதி வந்தப்ப, முதப் புள்ள அன்னிக்கே கலைஞ்சுபோச்சு. இந்தத் தடவ மருத்துவச்சி ஆரம்பத்துலயே சொல்லிட்டா, ஒரு அதிர்ச்சி வந்தா தாயும் தங்காதுன்னு. அவன் போய்ச் சேந்துட்டான். மிச்சம் ரெண்டு உசுரு." அவர் தாடியைத் தடவினார். "புள்ள பொறந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். பொறந்துச்சு. பால் நின்னுரும்னாக. பெறகு ஒரு நாள் சொல்ல உக்காந்தேன். அவ முந்திக்கிட்டா. மாமா, அவுக வர்றதுக்குள்ள கிளச்ச சரி பண்ணி வச்சிருங்கன்னா. தண்ணியில ஊறிப் பழைய கார்க்கெல்லாம் உதிர்ந்துபோயிருந்துச்சு. ஊரெல்லாம் தேடிட்டேன், கார்க் கெடைக்கல. என்கிட்ட இது இருந்துச்சு."

"அத்தர்ல ஊறுன கார்க் கிளச்சுல நிக்காது பாய்."

"நின்னு என்ன தம்பி செய்ய? ஓட்ட யாரு இருக்கா?"

விருமாண்டி, "ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியாது" என்றார். ரோஷன் கிளம்பிப் போன அன்று, தொழுகைப் பாயில் எண்ணெய் ஒழுகிய கோபத்தில் சாயிரா பானு சொன்ன சொல்லைச் சொன்னார். அந்தச் சொல்லுக்காகத்தான் புருஷன் தன்னை விட்டுப் போய்விட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பதைச் சொன்னார்.

உமர் பாரூக் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்புடியா சொன்னா? என்கிட்டச் சொல்லலியே!"

"நீங்க ஒண்ண மறைச்சீக. அவுக ஒண்ண மறைச்சாக. ஒரே வீட்டுல."

"தூக்கம் வராம நடக்குறா, புருஷன் நெனப்புன்னு இருந்தேன். யா அல்லாஹ், நான் அவளக் காப்பாத்துறேன்னுல்ல நெனச்சேன்!" பெரியவர் மூலைக்குத் திரும்பினார். சுருட்டிய பாயைப் பார்த்தார். "அந்தப் பாயி... அவன் வண்டிக்குப் பின்னால கட்டியிருந்தது. தொழுகைப் பாய். கோரை நெய்றவுக வீட்டுல உக்காந்து, பள்ளிவாசல் வளைவு வச்சு நெய்து தாங்கன்னு சொல்லி, முடியிற வரைக்கும் இருந்து வாங்கியிருக்கான். வண்டல் பிடிச்சிருந்துச்சு, அலசிக் காய வச்சேன். எதுக்கு வாங்குனான்னு எனக்கு இத்தனை நாளாப் புரியல தம்பி."

சுடலைக்குப் புரிந்தது. எண்ணெய் பட்ட பாய்க்கு இது மாற்று என்று பெரியவருக்கும் பிறகு விளங்க, அவர் பலகைமேல் நெற்றியை வைத்தார்.

"நாங்க போயிச் சொல்ல மாட்டோம் பாய்" என்றார் விருமாண்டி. "நீங்க சொல்லணும். அந்தப் பாயக் கையில கொண்டுபோயிச் சொல்லணும்."

*

உமர் பாரூக் கடையைப் பூட்டினார். பாயை இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் விருமாண்டியும் சுடலையும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கிளச்சுத் தட்டுகள் துண்டில் முடிந்து கைப்பிடியில் தொங்கின. தெற்கு மாசி வீதி நெடுக எண்ணெய் சொட்டிக்கொண்டே வந்தது.

வாசலில் சாயிரா பானு குழந்தையோடு நின்றாள். மாமனாரின் கையிலிருந்த பாயையும், பின்னால் வந்த வண்டியையும், சுடலையின் தலைப்பாகையற்ற தலையையும் பார்த்தாள். குழந்தையைச் சுடலையிடம் நீட்டினாள். ஏன் அவனிடம் கொடுத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. மாமனாரும் மருமகளும் உள்ளே போனார்கள். திரை விழுந்தது.

சுடலை வாசற்படியில் உட்கார்ந்தான். குழந்தை அழ ஆயத்தமாக உதட்டைப் பிதுக்கியது. அவன் மூக்கைக் கோணிக் காட்டினான், கண்ணை உருட்டினான், கன்னத்தை ஊதி வெடித்தான். கம்பெனியில் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் செய்தான். உள்ளே பெரியவரின் குரல் தாழ்ந்து தாழ்ந்து நின்றபோது, குழந்தை கலகலவென்று சிரித்தது.

உள்ளேயிருந்து அழுகை வரவில்லை. வெகுநேரம் கழித்து அவள் குரல் மட்டும் கேட்டது.

"எந்தப் பக்கம் பாத்து வந்துக்கிட்டிருந்தாக மாமா?"

"வீட்டப் பாத்துத்தாம்மா."

அதற்குப் பிறகுதான் அழுதாள்.

சுடலை குழந்தைக்குக் கேட்காதபடி அதன் காதுகளை இரண்டு கைகளாலும் பொத்தினான். அது அதையும் வேடிக்கை என்று நினைத்து அவன் கடுக்கனைப் பிடித்து இழுத்தது.

விருமாண்டி முற்றத்தில் வண்டியைப் பழைய இடத்தில் நிறுத்தி, தகரத் தட்டை அடியில் தள்ளினார்.

அன்று சாயங்காலம், கணவனை இழந்த பெண் வீட்டுக்குள்ளேயே இருந்து துக்கம் காக்க வேண்டிய இத்தா நாட்களை அன்றிலிருந்தே தொடங்க வேண்டுமா என்று சாயிரா பானு பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்டாள். கணவன் இறக்கும்போது கர்ப்பமாயிருந்தவளுக்குப் பிள்ளை பிறந்த அன்றோடு இத்தா முடிந்துவிடும் என்று பதில் வந்தது. அவளுடைய இத்தா அவள் அறியாமலே முடிந்துபோயிருந்தது.